தேமல்

லென்ஸுக்குள் பூஞ்சணம்.
நகக்கண் அளவுதான், ஆனாலும்
வானம் வருகிற படமெல்லாம்
மேல் மூலையில் ஒரு தேமல்.
திருத்தக் கொழும்புக்கு அனுப்பவேணுமாம்.
அந்தக் காசுக்கு
இன்னொன்றே வாங்கலாம், பழசு.
இப்போதைக்கு அரிசி வாளிக்குள் கிடக்கிறது.
அள்ளப்போகும் போதெல்லாம் கௌசலா
"உங்கட ஆள் நித்திரை" என்கிறாள்.

செவ்வாய், டச்சுக் குடாவில்
ஐந்து மணிக்கே போய் நின்றேன்.
முகிலை இழுத்துப் போர்த்துக்கொண்டு கிடந்த சூரியன்
எட்டுக்குத்தான் எழும்பியது.
அப்போது நான் கந்தோர் பஸ்ஸில்,
தொங்கிக்கொண்டு.

கோட்டை வாசலில் ஒரு கொம்பன் மான்
அசையாமல் நின்று தந்தது.
கொம்பில் ஷொப்பிங் பை.
எடுக்கவா கழற்றவா என்று யோசிக்க
பையோடு போயிற்று.

துறைமுகப் பக்கம் திருப்பினால்
நேவிப் பொடியன் கை காட்டுகிறான்,
வணக்கம் இல்லை அது.

"நல்ல கமரா வைச்சிருக்கிறீங்கள்தானே"
என்று வருகிறவர்களுக்கு வேண்டியது
பாஸ்போர்ட் சைஸ் எட்டு.
பின்னால் வெள்ளை பெட்ஷீட் பிடித்தபடி
பக்கத்து வீட்டு முஃபீத் சிரிக்க,
எட்டிலும் அவன் விரல்.

மூன்று வருஷத்தில்
சுவரேறியது ஒரே ஒரு படம்.
வாடிக்கார செபமாலை அண்ணன்
பாரையைத் தூக்கிப் பிடித்தபடி,
கண் இரண்டும் மூடி.
"மீன் வடிவா விழுந்திருக்கு" என்றார்.
பிரேம் போட்டிருக்கிறார். பிரிண்ட் காசு
இன்னும் தரவில்லை.

அதிலும் மேல் மூலையில் தேமல்.
வருகிறவர்களுக்கு விரல் வைத்துக் காட்டுகிறார்:
"அண்டைக்கு மழை வரப் பாத்தது."