நிறை

விடிய ஐந்தரை. தெகிவளைப் பக்கம் போன ரயில்
யன்னலை உலுக்கியது.
வெள்ளவத்தை, நாலாம் மாடி.
மூன்று தலையணையில் சாய்ந்தபடி நித்திரை;
படுத்தால் மூச்சு கரைக்கு வராது.

தராசில் ஏறினேன். எழுபத்துமூன்று.
முந்தாநாள் எழுபத்தொன்று.
இடையில் நடந்தது இரண்டு துண்டு கட்டாக் கருவாடு,
சொன்னால் ரொறன்ரோவில் பிரளயம்.

மேசையில் ஒரு கை ஊன்றினேன்.
முள் மெல்ல இறங்கியது.
படமெடுத்து மகனுக்கு அனுப்பினேன்.

இரண்டு நீலச் சரி.
"நிறை நல்லம் அப்பா.
அதென்ன கணுக்காலில,
மேசுத் தடம் தண்டவாளம் மாதிரிக் கிடக்கு?"

டொக்டர் தண்ணிக் குளிசையை அரை கூட்டினார்.
மத்தியானம்வரை
கதிரைக்கும் கழிவறைக்கும் நடை.

கீழே இவ்வளவு கடல்.
எனக்கு நாளுக்கு ஒன்றரை லீற்றர்,
தேத்தண்ணியும் சேர்த்து.