பயன்பாட்டுச் சான்றிதழ்

பெறுநர்: இளங்கலை மாணவர் ஆய்வு நிதிக்குழு.
பெற்ற தொகை எட்டாயிரத்து ஐந்நூறு.
பெற்ற நாள், வடகடல் அலையே இல்லாமல் கிடந்த
பங்குனி வியாழன் ஒன்று.
நாங்கள் ஓடு இறக்கியது ஐப்பசியில்.
இடையில் செலவானது ஜெரினாவின் பெருநாள் காசும்
என் மெஸ் பாக்கியும்.
கடன் என்றொரு தலைப்பு படிவத்தில் இல்லை.
'இதர' என்பதில் எழுதியிருக்கிறோம்.

ஆய்வு உங்களுக்கு நினைவிருக்காது, சொல்கிறேன்.
மண்டபம் ஸ்டேஷனில் இறங்கி
வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல்.
இரண்டிலும் பத்துப் பத்து ஓடுகளைக் கட்டித் தொங்கவிட்டு
எதில் கொட்டலசு முதலில் ஒட்டுகிறது என்று பார்ப்பது.
ஓடுகள் ஜெரினா மாமா வீட்டுக் குளியலறையில் மிஞ்சியவை,
நீலப்பூ போட்டவை.
பூ உள்பக்கம், சொரசொரப்பு கடலுக்கு.
ரசீது இல்லை.

படகு நான்கு நடை.
ஜிஎஸ்டி எண் கேட்டதற்கு
மிக்கேலண்ணன் படகின் பதிவு எண்ணைச் சொன்னார்.
அதையே எழுதினோம்.
"இதச் சொரண்டவே வருசத்துக்கு ரெண்டு நாள்
தொழில் கெடுது எங்களுக்கு.
நீங்க காசு குடுத்து வளக்குறீகளா?"
சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.
நாலாம் நடைக்கு டீசல் காசு மட்டுமே வாங்கினார்.

துறையில் நுண்ணோக்கி மூன்று.
ஒன்று முனைவர் பட்டத்துக்கு, ஒன்று முதுகலைக்கு,
பல்பு எரியாதது எங்களுக்கு.
அவள் செல்போன் வெளிச்சம் பிடிக்க நான் எண்ணினேன்,
நான் பிடிக்க அவள்.
இருவர் கணக்கிலும் நாற்பத்தொன்று வித்தியாசம்.
மறுபடி எண்ணினால் பதினாறு.
இன்னொரு தரம். மூன்று.
கடைசி பஸ் போயிருந்தது.
"சரியா வந்துருச்சுன்னு போட்டுருவமா?" என்றாள்.
பேனாவை வாங்கி அவளே எழுதினாள்:
வித்தியாசம் மூன்று.

கார்த்திகையில் வாடை தூக்கிய இரண்டு இரவுகளில்
வடகடல் ஆறு ஓடுகளைக் கொண்டுபோனது.
மிஞ்சிய நாலை வைத்துக்கொண்டு
ஒரு கடலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.
அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
அதைத்தான் சொல்லியிருக்கிறோம்.
அந்தப் பக்கத்தை எழுத
மற்ற பக்கங்களைவிட அதிக நாள் பிடித்தது.

மதுரைக் கருத்தரங்கில் சுவரொட்டி முன் நின்ற ஒருவர்
"உங்க கைடு எங்கம்மா?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் அடுத்ததற்குப் போனார்.
வேறொரு பெண், எந்தக் கல்லூரியோ,
கயிற்றுக்குப் பதில் நைலான் பட்டை போட்டிருந்தால்
ஓடு போயிருக்காது என்றாள்.
எண்ணை வாங்கிக்கொண்டோம்.
போக்குவரத்து நூற்றெண்பது, இருவருக்கும்,
டிக்கெட் இணைத்துள்ளேன். ஒன்று நனைந்தது.

வாப்பா தம்மாமிலிருந்து கேட்டாராம் ஜெரினாவிடம்,
"எண்ணி முடிச்சு என்னம்மா கெடச்சுது?"
"இன்னும் எண்ணணும் வாப்பா."

கையிருப்பு: ரூபாய் நூற்றுப் பன்னிரண்டு.
திருப்பி அனுப்ப டிடி எடுத்தால்
கமிஷன் அதைத் தாண்டுகிறது.
அனுமதித்தால் நுண்ணோக்கிக்கு ஒரு பல்பு வாங்குவோம்.
குறைவதை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.
இரண்டாமாண்டு தமயந்தி
மிச்ச ஓடுகளை ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறாள்.
கச்சான் எழும்புவதற்குள்
பதில் போடவும்.