கைதட்டினால் நிற்கும்

இந்தத் தீவில்
பேருந்தை நிறுத்தக் கைதட்ட வேண்டும்.
கண்டக்டர் இல்லை, விசில் இல்லை.
சில வண்டிகளில் பொத்தான் உண்டு,
அதை யாரும் தொடுவதில்லை.
இறங்குமிடம் நெருங்கியதும் இரண்டு தட்டு.
கண்ணாடியில் டிரைவரின் தலை அசையும்.

வந்து ஏழு வாரம். நான் இன்னும் தட்டியதில்லை.
வேறு யாராவது தட்டும் இடத்தில் இறங்கி
மிச்சத்தை நடந்துவிடுவேன்.
மூஃபியாவில் எனக்குத் தெரிந்ததெல்லாம்
இப்படித் தெரிந்ததுதான்:
சக்கரம் கழன்ற ரொட்டி வண்டி,
சேவல் கட்டிய மாடிப்படி,
மாலை ஐந்துக்கு மட்டும் குரைக்கும் நாய்.

வீட்டுக்கார மதாம் ஓவாரோ
ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளில்
பார்க்க வேண்டியவை ஒன்பது.
எரிமலைக்குப் போனேன். மூடுபனி.
பத்தடிக்கு அப்பால் ஹனித்ராவின் சிவப்புக் குடை,
அதற்கப்பால் உலகம் இல்லை.
"பார்த்தாயா?"
"பார்த்தேன்."
அடித்துவிட்டார்.

இன்று எட்டாவது.
தீக்குழம்பு வாசல்வரை வந்து
உள்ளே போகாமல் நின்றுகொண்ட தேவாலயம்.
சேன் பெனுவாவில் வண்டி மாறினேன்.
கரும்பு, கடல், கரும்பு, திடீரென்று தேவாலயம்.
இரண்டு உள்ளங்கையையும் சேர்த்தேன்,
சேர்ந்தபடியே நின்றுவிட்டன.
முருங்கைக்கீரைக் கட்டோடு எதிரில் இருந்தவர்
பதிலுக்குக் கும்பிட்டார்.
தேவாலயம் பின்கண்ணாடிக்குப் போய்விட்டது.

வெகுதூரம் தள்ளி
தூண்டில்கழி வைத்திருந்த ஒருவன் தட்டினான்.
அவனோடு இறங்கினேன்.
அவன் கடல் பக்கம் போனான்.
எனக்குப் போக ஒரு பக்கமும் இல்லை.

கறுப்பு.
சாலையின் இருபுறமும்,
பாகு காய்ச்சித் தவறவிட்ட சட்டியின் அடி போல
மலையிலிருந்து கடல்வரை கறுப்பு.
ஓரத்தில் ஒரு பலகை, அதில் ஓர் ஆண்டு.
கொஞ்சம் நடந்தால் வேறு பலகை, வேறு ஆண்டு.
ஒவ்வொரு ஓட்டத்துக்கும்
பிறந்த வருஷம் எழுதி நட்டிருக்கிறார்கள்.
இரண்டாயிரத்து ஏழு, தூறலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
இரண்டாயிரத்து நான்கில் நின்றேன்.
அம்மா என்னை ஜிப்மரில் பெற்ற வருஷம்
இது இறங்கி வந்திருக்கிறது.

என் வயசு நிலம்
இதுவரை என்ன செய்திருக்கிறது என்று
குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.
சாம்பல் நிறத்தில், பவளம் போல நுணுக்கமாய்ப் பாசி.
பிளவுகளில் பெரணி.
முழங்கால் உயரத்தில் ஒரே ஒரு மரம்,
பெயர் தெரியாது, காற்றுக்குச் சாய்ந்திருந்தது.
அவ்வளவுதான்.
இருபது வருஷத்தில் அவ்வளவுதான்.
எனக்குப் பெரிய நிம்மதி.

தணிகைவேலுக்குப் படம் அனுப்பினேன்.
உடனே பதில்:
"திருவக்கரை குவாரியா? எப்பக்கா வந்த?"

திருவக்கரை.
பள்ளிக்கூட வண்டி தினமும் தாண்டிய கல்மரப் பூங்கா.
கல்லாகி இரண்டு கோடி வருஷம் என்று அங்கேயும் பலகை.
எப்போதாவது இரண்டு வெள்ளைக்காரர்கள்
வெயிலில் குடையோடு குனிந்து நிற்பார்கள்.
என்னத்தைப் பார்க்கிறார்கள் என்று
ஜன்னல் ஜன்னலாகச் சிரிப்போம்.
நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை.

இப்போது ஒரு பள்ளி வண்டி தாண்டுகிறது.
பாசிக்கு முன்னால் குந்தியிருப்பவளைக் காட்டி
பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
நியாயம்தான்.

திரும்புகிற வண்டியில், தேவாலயம் தெரிந்ததும்
தட்டினேன்.
இரண்டல்ல, ஏழெட்டு,
கச்சேரி முடிந்த மாதிரி.
வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
நின்றது.

கதவு பூட்டியிருந்தது.
படியோரம் அதே கறுப்பு,
என்னைவிட மூத்தது, கைவைத்தால் குளிர்ந்தது.
அடுத்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம்.
ஊர்க் கடிகாரத்துக்கும் இதற்கும் அதே இடைவெளி.
அங்கே இருட்டியிருக்கும்.

தம்பிக்கு எழுதினேன்:
ஞாயிற்றுக்கிழமை கல்மரம் போய்ப் பாரு.
டிக்கெட் எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லு.

"எதுக்கு?" என்கிறான்.

படியில் உட்கார்ந்திருக்கிறேன்.
வண்டி வர நேரம் இருக்கிறது.