ஒன்றுக்கு இரண்டு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடக்கும்போதுதான்
எங்கள் கம்பெனி பெயரை யாராவது படிப்பார்கள்.
சரக்கு வண்டி போய் முடியப் பதினோரு நிமிடம்.
ஷட்டருக்கு மேலே நீலத்தில் ஒரு பனிமலை,
அதன் காலடியில் ‘இமயத்துளி அக்வா’.
நான் பார்த்த உயரம்
கொடுங்கையூர்க் குப்பைமேடு வரைக்கும்தான்.

என் வேலை மூடி.
கேன் நிரம்பி வரும். மூடியை அறைவேன்,
மேலே ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டி
சூட்டுத் துப்பாக்கியால் ஓர் ஊது.
அது சுருங்கிக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும்.
ஷிப்டுக்கு முந்நூறு கழுத்து.

மெஷினின் கணக்கு எளிது.
மூன்று குடம் குடிக்கும்
ஒன்றைக் கேனுக்குத் தரும்
இரண்டைச் சுவர் ஓட்டை வழியாகப்
பின்சந்துச் சாக்கடையில் துப்பும்.

நூற்றிருபது அடியில் கிடைத்ததை
போன சித்திரையில் இருநூற்றெண்பதில் பிடித்தோம்.
இந்தச் சித்திரையில் நானூறு.
போர் போட வந்தவன் ஒரு சொட்டை நாக்கில் வைத்து
“கடலு வந்துகீது சார்” என்றான்.
“வரட்டும்பா, வடிகட்டி மாத்திக்கலாம்”
என்றார் முதலாளி தசரதன்.
அன்றிலிருந்து
ஒன்றுக்கு மூன்று.

பின்சந்துக்கு முதலில் வந்தவள் அஞ்சலாட்சி.
கையில் காலி பெயிண்ட் வாளி.
“சாக்கடைக்கு ஊத்துறத
இதுல ஊத்தினா தேஞ்சா பூடுவீங்க?”

மறுநாள் ஏழு குடம்.
மறுவாரம் சந்து முனை வரைக்கும் குடம்,
சுவரில் கரியால் வரிசை எண்,
அழித்து எழுதியதற்கு அடிதடி.
சோப்புப் போட்டால் நுரைக்காத தண்ணீர் அது.
துவைத்த லுங்கி கொடியில் அட்டையாக நிற்கும்.
தலைக்கு ஊற்றினால் வகிட்டில் உப்புப் பூக்கும்.
அதற்குத்தான் அந்த அடிதடி.

கேன் போடும் டில்லிபாபு சொல்வான்,
புளியந்தோப்பில் மில் இருந்த இடத்து டவரில்
பதினாலாவது மாடியில்
நாயைக் குளிப்பாட்டுகிறார்களாம் எங்கள் தண்ணீரில்.
“கொழா தண்ணில முடி கொட்டுதாங்க்கா.”
“யாருக்கு?”
“நாய்க்குதான்.”
சிரித்தோம். மூடியை அறைந்தேன்.

எனக்கும் உண்டு தினம் ஒரு கேன்,
சம்பளத்துக்கு மேலே.
கோணியில் சுற்றி முன்வாசல் வழியாக
எடுத்துப் போவேன்.
பின்சந்துதான் வீட்டுக்குக் குறுக்கு வழி.

கார்த்திகையில் ஒரு ராத்திரி
வருஷத்து மழை முழுக்க ஒரே தவணையில் வந்தது.
விடியும்போது தெருவில் இடுப்பளவு,
மேலே ஆயில், செருப்பு, செத்த பெருச்சாளி.
மோட்டார் முங்கிவிட்டது. மூன்று நாள் கரண்ட் இல்லை.
காலி கேன்கள் பனிமலைப் படத்தோடு
தண்டவாளம் நோக்கி மிதந்து போயின.
சுவர் ஓட்டையில் முதல் முறையாக
வெளியிலிருந்து உள்ளே
தண்ணீர்.

என் வீட்டு மாடிப்படியில் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள்,
கீழ்ப்படிகள் எல்லாம் முங்கியிருந்தன.
சுற்றிலும் அவ்வளவு தண்ணீர்.
உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள்.
கோணியை அவிழ்த்தேன். கேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
எத்தனை நாளாய் என்று கேட்கவில்லை.
நான் இறுக்கிய கழுத்து
எனக்கே கிழியவில்லை.
பல்லால் கடித்துப் பிய்த்தேன்.

ஒரு சொம்பை அண்ணாந்து முடித்துவிட்டு
வாயைப் புறங்கையால் துடைத்தாள்.
கொஞ்ச நேரம் நாக்கைப் புரட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது,
ஒரு ருசியுமே இல்ல.
இதுக்கா
அத்தினி ஊத்துனீங்க?”