நிகர எடை

நீலவேணிக்கு நினைவு தப்பியது
இது மூன்றாவது முறை.
முதல் முறை தப்பியபோது
சோற்றை அடிப்பிடிக்க விட்டேன்.
இரண்டாவது முறை
பக்கத்து வீட்டு விமலேஸ்வரி கதவைத் தட்டி
இருவரும் நின்றபடியே அழுதோம்.
மூன்றாவது முறை
ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்து
கட்டியவனையே "நீங்க யாரு?" என்று அவள் கேட்டபோது
நான் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.
சுண்டுவிரல் வரைக்கும் வெட்டி முடித்தேன்.

பதினோரு வருஷம்.
பகாவ் டவுனில் தவணைக்கு எடுத்த பெட்டி
இது இரண்டாவது.

மாமனார் செத்த எட்டாம் நாள்
கூடத்தில் விளக்கு எரிய
காரியச் செலவைப் பின்கட்டில் கூட்டிக்கொண்டிருந்தார்கள் உறவுக்காரர்கள்.
சத்தத்தை அடைத்துவிட்டு
அடியில் ஓடும் மலாய் எழுத்தை வாசித்தே
ஒரு பாகம் முழுக்கப் பார்த்தவள் நான்.
தனபாலன் எட்டிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

மழை இருட்டினால் அப்போதெல்லாம் வயிறு கலங்கும்.
இடி இடிக்க இடிக்க
தகரக் கூரைமேல் மகனை ஏற்றி
தட்டைத் திருப்பு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்
என்று கத்தியிருக்கிறேன்.
அவன் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே அதைச் சொல்வான்.
எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எப்போது விட்டுப்போனது?
"இனி இவருக்குப் பதில் இவர்" என்று
ஆளை மாற்றியபோதுகூட இல்லை.
புது முகத்தை ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டேன்,
மகன் கூட்டிவந்த பெண்ணை ஏற்றுக்கொண்ட மாதிரி.
வில்லி திருந்தி, மறுபடி கெட்டு,
அவளுக்கொரு இரட்டைப் பிறவி வந்து இறங்கியபோதும் இல்லை.

நகம் வெட்டியதற்கு அடுத்த செவ்வாய், நல்ல மழை.
பெட்டி நீலமானது.
அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இறுக்கமான ரவிக்கையில்
ஒரு கொக்கி கழன்றது போல இருந்தது.
மழை விட்டுவிடக் கூடாதே என்று இருந்தது.

செம்பனை ஆலை வாசலில் எடைமேடை என் வேலை.
குலையோடு லோரி ஒரு முறை ஏறும்,
கொட்டிவிட்டு ஒரு முறை ஏறும்.
கழித்து எழுதுவதற்குத்தான் சம்பளம்.

எண்ணெய்ச் சோதனைக் கூடத்தில் கக் ரொஹானி.
பாதி மாதம் இரவு ஷிப்ட்,
தொடர் பார்க்க வழியில்லை.
காலை ஏழரைக்கு
தே ஓ பொட்டலத்தோடு என் ஜன்னலில் நிற்பாள்.
"நீலவேணி அப்பா ஜாடி?"
என்ன ஆச்சு என்கிறாள்.
அப்பாவும் இல்லை ஜாடியும் இல்லை என்று
ஆறு வருஷமாகக் கேலி செய்துவிட்டுத்தான்
கதை சொல்வேன்.

மூன்று வாரமாக நான் பார்க்கவில்லை.
சொல்ல வாய் வரவில்லை, புளுகுகிறேன்.
கோயிலுக்குப் போனாள் என்றேன்.
கொழுந்தனோடு சண்டை என்றேன்.
அது எப்படியும் நடந்திருக்கும்.

இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன்.
நீலவேணி அந்த பங்களாவை விட்டு
இறங்கிவிட்டாள் என்றேன்.
பஸ் ஏறி, ஏதோ ஒரு சின்ன டவுனில் வேலைக்குச் சேர்ந்தாள் என்றேன்.
"என்ன வேலை?"
எடை போடுகிற வேலை.
"யார் துரத்தினார்கள்?"
யாரும் துரத்தவில்லை, கக். காலையில் கிளம்பினாள், அவ்வளவுதான்.
"அழுதாளா?"
பஸ்ஸில் தூங்கிவிட்டாள்.

ரொஹானி உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
என் மகள் நூராயின் தினமும் பார்க்கிறாளே, என்றாள்.
நீலவேணி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறாளாம்.

மேடைமேல் ஏறிய லோரி ஹோர்ன் அடித்தது.
முப்பத்திரண்டு டன் என்று எழுதினேன்,
எழுதியதை அடித்துவிட்டு
திரையைப் பார்த்து மறுபடி எழுதினேன்.

அவள் போகவில்லை.
பொட்டலத்தை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு
கொஞ்சம் குனிந்து கேட்டாள்,
"அந்த வேலைக்கு
அவளுக்கு என்ன சம்பளம் தருகிறார்கள்?"