சூட்டுக்கு மட்டும் ஜன்னல்

பாடாங் செராய் தாண்டி, செம்பனை முடிகிற இடத்தில்
ஃபேக்டரி பஸ் எங்களை இறக்கிவிடும்.
உள்ளே போனால் இரவும் இல்லை, பகலும் இல்லை,
பதினெட்டு டிகிரி குளிர்.
முக்காடு, முகமூடி, கையுறை.
கண் மட்டும் எங்களுடையது;
அதற்குத்தான் சம்பளம்.

என் மேசைக்கு வருவது ஒரு வில்லை.
ஐம்பது சென் காசைவிடச் சற்றுப் பெரிது,
கருஞ்சாம்பல் பளபளப்பு,
எடுத்தால் எதிர்பாராத கனம்.
விளக்கில் பிடித்தால் அந்தப்பக்கம் தெரியாது,
என் முகமூடிதான் தெரியும்.
என் கண்ணுக்கு அது சுவர்.
சூட்டுக்கு ஜன்னல்.

ஒரு ஷிப்டுக்கு முந்நூற்றிருபது.
கீறல், தூசு, ஓரத்தில் சில்லு.
மூச்சு படக்கூடாது.
பத்துக்கு ஒன்றைக் கேமராவில் பொருத்தி
கையுறையைக் கழற்றிக் கையைக் காட்டவேண்டும்.
திரையில் சாம்பல் இருட்டு,
நடுவே வெள்ளையாய் ஐந்து விரல்.
பவளக்கொடி அக்காவுக்குச் சர்க்கரை, ரத்த ஓட்டம் குறைவு,
அவர் விரல்நுனி சாம்பலாகவே வரும்.
அதனால் அந்த வேலை எனக்கு.

எதற்கு இது என்று கேட்டேன்.
ஆஸ்பத்திரிக்கு, தீயணைப்புக்கு,
இருட்டில் மாடு குறுக்கே வந்தால் கத்துகிற காருக்கு
என்றாள் நோர்ஹயாத்தி.
பொய் இல்லை. அவளுக்குச் சொன்னது அது.
படிவத்தில் ‘இறுதிப் பயன்’ என்று ஒரு கட்டம் உண்டு,
அதில் ‘பொது’ என்று அச்சாகியே வரும்.

காலையில் கேட்டருகே பசியாறும்போது
காவல்காரர் தேக் பகதூர் ஃபோனை நீட்டினார்.
சாம்பல் நிற வயல்.
வெள்ளையாய் ஒரு டாங்கி,
இஞ்சின் இருக்கும் பின்பக்கம் இன்னும் வெள்ளை.
குறி மெல்ல வந்து அதன்மேல் உட்கார்ந்தது,
ரொட்டி சானாய்மேல் ஈ உட்காருவதுபோல.
திரை முழுக்க வெளுத்தது.
பிறகு மூடி திறந்து
ஒருவன் குதித்து ஓடினான்.
என் கை எந்த வெள்ளையோ
அந்த வெள்ளை.

தேக் பகதூர் அங்கேயே நிறுத்தி, பின்னுக்கு இழுத்து,
மறுபடி ஓடவிட்டார்.
உடைந்த மலாயில் சொன்னார்:
“என் தம்பி இடது தோளை இறக்கி ஓடுவான்.
இவன் நேராக ஓடுகிறான். இவன் இல்லை.”
மாதம் இவ்வளவு என்று கையெழுத்துப் போட்டு
பனி நாட்டுப் பட்டாளத்துக்குப் போன தம்பி.
அஞ்சு மாதமாய்ப் பேச்சில்லை.
நாளைக்கு நாலைந்து படம் பார்க்கிறார்,
எதிலும் அவன் இல்லை என்று
நிம்மதியாய் டீ குடிக்கிறார்.

கடைத் தொலைக்காட்சியில்
இன்னும் ஆயிரம் ஏவுகணை, உதவியாக.
உதவி.
எங்கள் ஊரில் உதவி என்றால்
அஞ்சு கிலோ அரிசி, எண்ணெய், மீகூன் பொட்டலம்;
கொடுக்கிறவர் முகம் கேமராவைப் பார்க்கும்,
வாங்குகிறவர் முகம் அரிசியைப் பார்க்கும்.
அங்கே வாங்கினவன்
குழாயைத் தோளில் வைத்துப் பள்ளத்தில் கிடக்கிறான்.
அவன் முதுகுக்குப் பின்னால் அவன் தெரு,
அதில் ஓட முடியாத யாரோ.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
குறி தவறினால் டாங்கி அந்தத் தெருவுக்குள் வரும்.

என் வில்லை அதில் இருக்கிறதா?
தெரியாது.
பெட்டிமேல் என் எண் இருக்கும், 2264.
அதற்குமேல் பெட்டிக்கும் தெரியாது.

அன்றிரவு நூற்றுப்பன்னிரண்டாவதில்
மயிரிழைக் கீறல்.
அளவுக்குள் என்றும் எழுதலாம்,
அளவுக்கு வெளியே என்றும் எழுதலாம்.
எப்படி எழுதினால் யார் சாவார்
என்று கணக்குப் போட்டேன்.
ஒரு நிமிடம் கை நின்றால்
மேசை விளக்கு மஞ்சளாகும்.
ஆனது.
நோர்ஹயாத்தி திரும்பிப் பார்த்தாள்.

கேமராவில் பொருத்தினேன்.
கையை மட்டும் நீட்டாமல்
எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்றேன்.
திரையில் வெள்ளையாய் ஒருத்தி.
ஏனோ
இடது தோளை இறக்கிப் பார்த்தேன்.

தெளிவாகத் தெரிந்தது.
வில்லையில் பழுதில்லை.