மேல்வீட்டுத் தண்ணீர்

ஓசூரிலிருந்து வந்த ஒட்டுச்செடி.
மூன்று சக்கர வண்டிக்காரர்
விலையோடு எச்சரிக்கையும் சேர்த்துச் சொன்னார்:
"வெள்ளை ஹைப்ரிட் டீ. வாசம் உண்டு.
ஆனா உங்க ஏரியா தண்ணிக்கு
நான் பொறுப்பில்ல."

டீ என்றாரே என்று
வடிகட்டியில் மிஞ்சிய தூளையெல்லாம்
ஒரு வாரம் அதன் காலடியில் கொட்டினேன்.
சர்க்கரைக்கு எறும்புகள் வந்தன.
பிறகுதான் தெரிந்தது,
தேயிலைப் பெட்டியைத் திறந்தாற்போல் மணத்த
ஏதோ ஒரு பாட்டன் ரோஜாவின் பெயராம் அது.

ஆதம்பாக்கத்தில் எங்கள் போர் தண்ணீர்
குக்கரின் அடியில் வெள்ளையாய்ப் படம் வரையும்.
குழாயின் மூக்கில் உப்பு.
வாளியின் விளிம்பில் உப்பு.
ஆடிக்குள் இலைகள் கருகின,
தணலில் காட்டிய அப்பளம்போல்
ஓரத்திலிருந்து உள்நோக்கி.
மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால்
கணுக்கணுவாய்த் தேய்த்தேன்.
மறுநாள் அவை திரும்ப வந்தன, குடும்பத்தோடு.

மேல்வீட்டில் ஜெபசிங்.
மீனம்பாக்கத்தில் இரவெல்லாம் சரக்கு இறக்குபவன்.
பகலெல்லாம் உறங்குவான்.
பகலெல்லாம் அவன் ஏசி
என் ஜன்னல் தகரத்தில் சொட்டும்.
டொக். டொக்.
வீட்டுக்காரரிடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன்.
இரண்டாவதில் 'சட்டப்படி' என்ற சொல்லும் உண்டு.

ஒருநாள் மாடிப்படியிலேயே மறித்துவிட்டேன்.
கண்ணெல்லாம் சிவப்பு அவனுக்கு.
"குழாய நீட்டி விட்டுருதேன்க்கா. எங்க விடட்டும்?"
எங்கே என்று நான் யோசித்திருக்கவில்லை.
சண்டைக்குத்தான் தயாராகியிருந்தேன்.
சும்மா கையை நீட்டினேன்.
விரல் போன திசையில் அந்தத் தொட்டி இருந்தது.

உப்பில்லாத தண்ணீர்.
காற்றைப் பிழிந்த தண்ணீர்.
ஒருவன் உறங்க உறங்க ஊறிய தண்ணீர்.
அவன் நாசரேத்துக்குப் போன நாட்களில்
செடிக்கும் விரதம்.

புரட்டாசியில் செந்தளிர்.
அடியிலிருந்து ஒரு கிளை மட்டும்
மற்றதையெல்லாம் முந்திக்கொண்டு ஓடியது.
இலைக்கு ஏழு சிற்றிலை. பூரித்துப்போனேன், முட்டாள்.
அது ஒட்டுக்குக் கீழே ஒளிந்திருந்த காட்டு ரோஜா.
வேர் அதனுடையது. மண்ணில் உழைப்பதும் அதுதான்.
வெட்டும்போது கத்தரிக்கோல் கொஞ்சம் தயங்கியது,
வெட்டினேன்.

கார்த்திகையில் புயல்.
தொட்டியைக் குளியலறைக்குள் இழுத்துவைத்து
மூன்று நாள் அதைச் சுற்றிக் குளித்தேன்,
முழங்காலில் நான்கு கீறல்.

தை பிறந்து ஆறாம் நாள் விரிந்தது.
முதலில் பச்சை படர்ந்த வெள்ளை,
பிறகு பாலேடு,
விடிகாலை ஆறேகாலுக்கு முழு வெள்ளை.
வெள்ளைக்கும் வாசத்துக்கும் இந்த ஊரில்
மல்லிகை பெயரில்தான் பட்டா.
இது முழத்தில் சேராது,
கொண்டையில் வைத்தால் ஒருபக்கம் சாயும்.
சாயட்டும்.

வேலை முடிந்து வந்தவனை நிறுத்தினேன்.
ஹெல்மெட்டோடு குனிந்தான், இடித்தது.
கழற்றிவிட்டுக் குனிந்தான்.
நெடுநேரம்.
"எலுமிச்சை..." என்றான்.
"இல்லக்கா. சோப்பு. உறை பிரிக்காத சோப்பு."
எட்டரைக்கெல்லாம் வெயில் வந்து
வாசனையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.
அவன் அப்போது உறங்கிக்கொண்டிருந்தான்.
தை மாதக் குளிரிலும்
மேலே ஏசி ஓடியது.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

சித்திரையில் பெங்களூருக்கு மாற்றல்.
ஏசியைக் கழற்றிக் குட்டி யானையில் ஏற்றினான்.
குழாய் மட்டும் மிச்சம்,
உலர்ந்த வாயோடு தொட்டியைப் பார்த்தபடி.
புதிதாக வந்தவர்களுக்கு
மின்விசிறியே போதுமாம்.

நேற்று தவணையில் ஒரு டன் ஏசி வாங்கினேன்.
"உனக்குத்தான் குளிரே ஆகாதே?" என்றான் தம்பி.
வெயிலைக் காட்டினேன்.

இரவு போர்வைக்கு வெளியே மூக்கு மட்டும்.
ஜன்னலுக்கு அப்பால்
தகர வாளி காத்திருக்கிறது.
டொக்.
கொஞ்சம் கழித்து இன்னொன்று.
தூக்கம் வருகிறது.